ஐந்தாவது சீட்டு

ஒரே ஒரு சீட்டாட்டக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஃபோனில் சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு பார்ப்பது. பழைய பதிவு, படம் கொஞ்சம் மங்கல். 2003ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதி, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி 839 பேர் உட்கார்ந்த ஆட்டம் பத்துப் பேரில் வந்து நிற்கிறது. மேசையின் ஒரு பக்கம் ஃபில் ஐவி, அப்போதே பேர் வாங்கிய ஆட்டக்காரர், எதிராளியை இமைக்காமல் பார்க்கிறவர். இன்னொரு பக்கம் டென்னஸி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர்; குடும்பப் பெயரே அதுதான், யாரும் வைத்த பட்டம் இல்லை. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நேரில் உட்கார்ந்து அவர் ஆடும் முதல் போட்டி. நான்காவது சீட்டு விழுந்து, சிப்புகள் நடுவில் குவிந்ததும் நான் படத்தை நிறுத்திவிடுவேன். ஐந்தாவது சீட்டு என்னவென்று எனக்கு மனப்பாடம். இருந்தாலும் நிறுத்திவிட்டு, இருட்டில் அந்தக் குட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இடத்தில் ஏதோ ஒன்று தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி உறுத்துகிறது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தும் இறங்கவில்லை. இந்தக் கட்டுரை இன்னொரு சோற்று உருண்டை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு திறப்புக்கும் இடையே பந்தயம். ஏழு சீட்டில் நல்ல ஐந்து எதுவோ அதுதான் கை. ஐவியிடம் இரண்டு ஒன்பது. மணிமேக்கரிடம் ஓர் ஏஸ், ஒரு ராணி. இந்த நிலையில் ஐவி கொஞ்சம் முன்னே. திறந்த மூன்று சீட்டில் இரண்டு ராணி, ஓர் ஆறு. மணிமேக்கரிடம் இப்போது மூன்று ராணி சேர்ந்துவிட்டது. ஐவிக்கு அடுத்த சீட்டில் விமோசனம் வேண்டுமென்றால் மிச்சமுள்ள இரண்டு ஒன்பதில் ஒன்று விழ வேண்டும், 45 சீட்டில் இரண்டு. நான்காவதாக விழுந்தது ஒன்பது. மூன்று ஒன்பதும் இரண்டு ராணியும் சேர்ந்த பெரிய கை ஐவிக்கு. இப்போதுதான் பணம் முழுவதும் உள்ளே போகிறது. இனி மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழு சீட்டு: மூன்று ஏஸ், மூன்று ஆறு, ஒரு ராணி. கட்டில் பாக்கி 44. ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வாய்ப்பு. ஐந்தாவது சீட்டு ஏஸ். ஐவி எழுந்து போனார். மணிமேக்கர் போட்டியையே வென்றார். ஒரு கணக்காளர் ஜெயிக்கும்போது நாம் ஜெயிக்கக் கூடாதா என்று அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர்.

அந்த ஏஸைப் பற்றிப் பேசாத போக்கர் ஆட்டக்காரர் இல்லை. ஒன்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு உறுத்துவது அந்த ஒன்பதுதான். இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் பணம் முழுவதையும் உள்ளே தள்ளிய கணத்தில் அவருக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு இருந்ததோ அந்த அளவு பணத்தை அவர் கணக்கில் வரவு வைப்பது. சீட்டு எப்படி விழுந்தது என்பதை விட்டுவிடுவது. நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. இதன்படி பார்த்தால் மணிமேக்கர் அந்தக் கையில் பெரிய கடன்காரர். ஆனால் பேரேடு நான்காவது சீட்டுக்குப் பிறகுதான் திறக்கிறது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால், 45இல் இரண்டு என்ற வாய்ப்பில் ஐவிக்கு விழுந்த ஒன்பது எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. அது முன் இருப்பாக, அவருடைய சொந்தச் சொத்தாகவே கணக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. சரி, மூன்றாவது சீட்டிலிருந்தே தொடங்குவோம் என்றால், இரண்டு ராணி திறந்தது மணிமேக்கரின் அதிர்ஷ்டம். அதற்கும் முன்னால் போனால், பத்துப் பேரில் ஒருவருக்கு ஒன்பது ஜோடியும் இன்னொருவருக்கு ஏஸும் ராணியும் விழுந்ததே தற்செயல். திறமையையும் அதிர்ஷ்டத்தையும் முறத்தில் போட்டுப் புடைத்துவிடலாம், உமி பறந்துவிடும், அரிசி தங்கிவிடும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் தேதியில் பேரேட்டைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து உமியும் அரிசியும் இடம் மாறுகின்றன என்பது இந்தக் கையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தேதியை இன்னும் முன்னால் தள்ளிப் பார்க்கலாம். மணிமேக்கர் வேகாஸுக்கு வந்தது இணையத்தில் 86 டாலர் கட்டி நுழைந்த தகுதிச் சுற்று வழியாக. அதன் முடிவில் நான்காம் இடத்துக்கு 8,000 டாலர் ரொக்கம், அதற்கு மேலே வந்தால் வேகாஸில் இருக்கை. தனக்கு ரொக்கம்தான் தேவையாக இருந்தது, நான்காவதாக வெளியேறிவிடவே பார்த்தேன் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நண்பர் ஒருவர் பங்கு போட்டுக்கொள்வதாகச் சொல்லி மனசை மாற்றினார். ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று சொல்வார்கள்: வேண்டுமென்றே தோற்க முடியுமா? பரமபதத்தில் முடியாது; பாம்பு விழுங்குவதும் ஏணி தூக்கிவிடுவதும் நம் கையில் இல்லை. லாட்டரியில் முடியாது. சதுரங்கத்தில் தாராளமாக முடியும். போக்கரிலும் முடியும், ஆகவே போக்கரில் திறமை உண்டு. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் தோற்கத் தெரிந்த, தோற்கவும் தயாராக இருந்த ஒரு மனிதரை ஒரு நண்பர் பேசித் திருப்பினாரே, அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

தமிழில் இதற்கு வசதியாக ஒரு சொல் இருக்கிறது: கைராசி. கைராசியான டாக்டர் என்றால் பெரிய படிப்பு படித்தவர் என்றும் பொருளில்லை, படிக்காதவர் என்றும் பொருளில்லை. அவர் ஊசி போட்டால் ஜுரம் விடும், அவ்வளவுதான். காலையில் முதல் போணியைக் கைராசிக்காரரிடம் செய்யக் காத்திருக்கும் கடைக்காரர், அந்த ஆளிடம் என்ன திறமை இருக்கிறது என்று கேட்பதில்லை. இளம் வயதில் இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அதில் ஒரு நேர்மை இருப்பதாகத் தோன்றுகிறது. நல்லது திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, காரணத்தைப் பங்கு பிரிக்காமல் விட்டுவிடுகிறது. அதில் ஒரு சோம்பலும் இருக்கிறது. நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணைப் பிதுக்கிப் பார்த்து, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிற டாக்டரின் உழைப்பையும் அது ராசியாக்கிவிடும். (இந்த இடத்தில் ஊழைக் கூப்பிடுவது தமிழ்க் கட்டுரைக்காரர்களின் வழக்கம். நான் கூப்பிடவில்லை. ஊழ் வந்தால் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் போகும்.) கைராசியைவிட எனக்கு உதவுகிறது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கைக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்காகச் சொல்வது அது. பனந்தோப்பில் எந்தக் குலை நன்றாகக் கனிந்திருக்கிறது என்று பார்த்து உட்காரும் காக்கை ஒன்று இருந்தால்? அது உட்காரும் மரங்களில் பழம் கூடுதலாக விழும். ஒரு பழத்தைக்கூட அது தள்ளியிருக்காது. போக்கர் போட்டியில் திறமை என்பது இந்தக் காக்கையின் திறமை. சிக்கல் என்னவென்றால், கீழே நிற்கிற நமக்கு ஒரு காக்கை, ஒரு பழம், ஒரு சத்தம், அவ்வளவுதான் தெரிகிறது.

எத்தனை சத்தம் கேட்டால் அந்தக் காக்கையை அடையாளம் காணலாம் என்று ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதலில் சின்னக் கணக்கு. ஒருவர் தன் பணம் முழுவதையும் பத்து முறை பணயம் வைக்கிறார், பத்து முறையும் நூற்றுக்கு எழுபது அவர் பக்கம். அற்புதமான ஆட்டம். பத்திலும் தப்பிப் பிழைக்க வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அடுத்து கொஞ்சம் பெரிய கணக்கு. ஆயிரம் பேர் ஆடும் போட்டி. முதல் பரிசு நுழைவுக் கட்டணம் போல் 180 மடங்கு, படிப்படியாக இறங்கி நூற்றைம்பது பேருக்குப் பரிசு, மற்றவர்களுக்கு வெறுங்கை. நூறு டாலர் போட்டால் சராசரியாக 130 டாலர் எடுக்கும் அளவுக்கு ஒருவர் கெட்டிக்காரர். அந்த முப்பது டாலர் கெட்டிக்காரத்தனம் தற்செயலின் இரைச்சலைத் தாண்டிக் காதில் விழ, என் தோராயக் கணக்கில், 2,800 போட்டிகளாவது வேண்டும். இணையத்தில் ராத்திரி பகலாக ஆடுகிறவர்கள் இந்த எண்ணிக்கையை எட்டிவிடுவார்கள். வேகாஸ் முதன்மைப் போட்டி வருஷத்துக்கு ஒன்று. அதை மட்டும் வைத்து ஒருவருடைய திறமையை நிரூபிக்க வேண்டுமென்றால், ஆதிச்சநல்லூரில் தாழியில் வைத்துப் புதைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஆட உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஆயிரம் பேருக்கான கணக்கு. இப்போது அங்கே வருகிறவர்கள் பத்தாயிரம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இது தெரியும். போட்டிக்கு முன்னால் அவர்கள் ஒருவருக்கொருவர் பங்கு மாற்றிக்கொள்கிறார்கள்: என் பரிசில் உனக்கு ஐந்து விழுக்காடு, உன் பரிசில் எனக்கு ஐந்து. தன் திறமையில் நம்பிக்கை உள்ளவன் எதற்காக அடுத்தவன் முடிவில் பங்கு கேட்கிறான் என்று முன்பு யோசித்திருக்கிறேன். நம்பிக்கை உள்ளவன்தான் கேட்பான்.

கூட்டமாகப் பார்த்தால் காட்சி தெளிகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் சட்டப் பேராசிரியர் தாமஸ் மைல்ஸும் 2010ஆம் ஆண்டின் வேகாஸ் தொடரை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய சாதனைகளையும் தரவரிசைகளையும் வைத்து 720 பேரைத் திறமைசாலிகள் என்று குறித்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் போட்ட பணத்துக்குக் கிடைத்த ஆதாயம் சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல். மற்றவர்களுக்கு நஷ்டம், 15 விழுக்காடு. இதற்குப் பிறகு போக்கர் வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அந்த 720 பேரில் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, இவரிடம் திறமை இருக்கிறதா என்று கேட்டால் அதே ஆய்வு கையை விரித்துவிடும். அவர்களிலும் எத்தனையோ பேர் அந்த ஆண்டு தோற்றுத்தான் போயிருப்பார்கள். நளன் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இருதுபன்னன். தேரில் போய்க்கொண்டே ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதிலிருக்கும் காய் இத்தனை என்று எண்ணாமலே சொல்லிவிடுவான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்ப்பான், சரியாக இருக்கும். அந்த வித்தையோடு சேர்த்துத்தான் சூதாட்டத்தின் மர்மத்தையும் நளன் அவனிடம் கற்கிறான். பண்டைச் சூதுக்காயே தான்றிக்காய்தான். மரத்தைக் கணித்த அந்த அரசனிடம், இன்று ராத்திரி எந்தக் காய் விழும் என்று நளன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் என்னைப் போல் முழித்திருப்பான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆறுதல்.

தனி மனிதரிடம் வரும்போது நாம் எப்படித் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதற்கு இரண்டு பேர். டான் ஹாரிங்டன் 1995இல் முதன்மைப் போட்டியை வென்றவர். 2003இல், அதே மணிமேக்கர் ஆண்டில், 839 பேரில் மூன்றாவது. அடுத்த ஆண்டு 2,576 பேரில் நான்காவது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு, ஒன்பது பேர் மட்டும் மிஞ்சும் கடைசி மேசைக்கு வருவது சராசரி ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 26,700இல் ஒரு வாய்ப்பு. அவர் எழுதிய ஆட்டப் பாடநூல்களை ஒரு தலைமுறையே படித்தது. மார்க் நியூஹவுஸ் 2013இல் 6,352 பேரிலும் 2014இல் 6,683 பேரிலும் கடைசி மேசைக்கு வந்தார். அதே சராசரி ஆட்டக்காரருக்கு இது ஐந்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. ஹாரிங்டன் செய்ததைவிட இருபது மடங்கு அரிது. ஆனால் இரண்டு ஆண்டும் அவர் ஒன்பதாவது, அந்த மேசையிலிருந்து முதலில் வெளியேறியவர். ஆகவே அவர் பெயரைச் சொன்னால் போக்கர் உலகம் ‘த்சொ’ கொட்டுகிறது. அவர் பாடநூல் எழுதினால் யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. இந்த இரண்டு பேரையும் முடிவு தெரிந்த பிறகு பொறுக்கி எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களில் யாருக்காவது ஏதாவது ஓர் அபூர்வம் நடந்தே தீரும். நடந்த பிறகு அதன் வாய்ப்பைக் கணக்குப் போடுவது, விழுந்த பழத்தைச் சுற்றி வட்டம் வரைவது.

மைக்கேல் மிஸ்ராகி விஷயத்தில் வட்டம் முன்பே வரைந்திருந்தது. வேகாஸ் தொடரில் ஐம்பதாயிரம் டாலர் நுழைவுக் கட்டணத்தில் பல வகைப் போக்கரும் மாறி மாறி ஆடும் போட்டி ஒன்று உண்டு. கூட்டம் சேராது; நூறு பேர் சுமாருக்கு வருவார்கள், பெரும்பாலும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மிஸ்ராகி அதை 2010, 2012, 2018, 2025 என்று நான்கு முறை வென்றார். எதிரிகள் எல்லோரும் தேர்ந்தவர்களாக இருக்கும்போது திறமை வித்தியாசம் சுருங்கி, அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும் என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான்கு முறை. சந்தேகப் பிராணியான நானே வாயை மூடிக்கொள்கிற ஆதாரம் அது. நான்காவது முறை வென்ற அதே கோடையில் 9,735 பேர் ஆடிய முதன்மைப் போட்டியையும் அவர் வென்றார், பரிசு ஒரு கோடி டாலர். வென்ற கையோடு போக்கர் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். நான்கு முறை வென்றதற்குத் திறக்காத கதவு, நம்பகம் குறைந்த ஐந்தாவது சாட்சிக்குத் திறந்துகொண்டது. அவருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கிரைண்டர்’, நின்று நிதானமாக ஆடிக் காசு சேர்க்கிறவர் என்ற பொருளில். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சமையல்கட்டில் முக்கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர்தான் நினைவுக்கு வரும். உளுந்து பொங்கி வரும்வரை அது ஓட வேண்டும். நடுவில் மூடியைத் திறந்து ஒரு விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு இட்லி எப்படி இருக்கும் என்று சொல்கிற ஆட்களாகத்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

அதிர்ஷ்டத்தை உண்மையிலேயே கழற்றி வைத்துவிட்டு ஆடிய ஆட்டமும் ஒன்று நடந்திருக்கிறது. 2017 ஜனவரி, பிட்ஸ்பர்க். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரலோடு நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருபது நாள் மோதினார்கள், மொத்தம் 1,20,000 கைகள். இந்த அறையில் மனிதருக்கு விழுந்த சீட்டு, அந்த அறையில் இயந்திரத்துக்கு விழும். இங்கே இயந்திரத்துக்கு விழுந்தது அங்கே மனிதருக்கு. நல்ல சீட்டும் கெட்ட சீட்டும் இரண்டு தரப்புக்கும் சரிசமம். ஒவ்வொரு கைக்குப் பிறகும் சிப்புகளைப் பழைய அளவுக்கே திருப்பி வைத்துவிடுவார்கள், யாரும் செத்துப் போக வழியில்லை. இயந்திரம் தெளிவாக வென்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கிடைக்க வேண்டிய நிம்மதி கிடைக்கவில்லை. அந்த ஆட்டத்தில் வெளியேற்றம் இல்லை, ஐந்தாவது சீட்டுக்காக எழுந்து நிற்கும் ஆள் இல்லை, அது போட்டியே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று அப்போது புத்தியில் பட்டது. சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டரோடு உட்காரப் பத்தாயிரம் டாலர் கட்ட யாரும் வரமாட்டார்கள். ஐவியோடு உட்காரக் கட்டுகிறார்கள், ஏனென்றால் ஏஸ் விழலாம். திறமைசாலியின் 30 விழுக்காடு வருவது மற்றவர்களின் 15 விழுக்காட்டிலிருந்து. அந்த மற்றவர்களை மேசைக்கு அழைத்து வருவது அதிர்ஷ்டம். தூண்டிலில் புழு இல்லாமல் மீன் பிடிக்கத் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது.

நம் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியில் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996இல் சொன்னது. அது சென்னைக் கிண்டியிலிருந்து போன வழக்கு. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளைச் சொல்லி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பட்டியலில் போட்டுத் தமிழ்நாடு அரசு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டும் திறமை ஆட்டங்களே என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. திறமை ஆட்டம் என்றால் அது ஏதோ கௌரவமான, ஆபத்தில்லாத ஆட்டம் என்ற தொனியிலேயே இந்த வாதங்கள் ஓடின. திறமை ஆட்டம் என்றால், தொடர்ந்து ஆடினால் திறமை குறைந்தவன் தோற்பது நிச்சயம் என்றுதான் அர்த்தம். லாட்டரியிலாவது ஏமாளிக்கும் கெட்டிக்காரனுக்கும் ஒரே வாய்ப்பு. ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவனுக்கு ஆட்டம் அதிர்ஷ்டமாகத் தெரிகிறது, அதனால் விடாமல் ஆடுகிறான். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு அது திறமை. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று கேள்வியையே தூக்கிப் போட்டது. அந்தத் தடை சரியா என்பது வேறு பேச்சு. கேள்வியைத் தூக்கிப் போட்டதில் எனக்கு ஒரு பொறாமை.

எனக்கு அதைத் தூக்கிப் போட முடியவில்லை, ஏனென்றால் என் பேரேட்டிலும் ஓர் ஏஸ் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன் ஒரு வார இதழ் நடத்திய சிறுகதைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. பத்து வருஷம் கழித்து வேறொரு போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தபோது ஒரு சாக்குப் பை நிறையக் கதைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் படித்தவற்றுக்கு ஓரத்தில் குறிப்பெல்லாம் எழுதினேன். மூன்றாம் நாள் கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வியர்வை சொட்டச் சொட்டப் படித்தவற்றில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ரயிலில் போகும்போது, பக்கத்து இருக்கைக் குழந்தையின் அழுகை நின்ற நிமிஷத்தில் கையில் இருந்த கதைதான் கடைசியில் பரிசு வாங்கியது. நல்ல கதைதான். சாக்கில் அது மாதிரி இன்னும் ஐந்தாறு இருந்திருக்கும். என் கதையை அந்த வார இதழின் நடுவர் எங்கே உட்கார்ந்து படித்தார், அப்போது என்ன சத்தம் நின்றது என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பரிசுக்கு முன்னால் ஆறு போட்டிகளுக்கு எழுதி ஒன்றும் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்த ஆறுக்கும் காரணம் நடுவர்களுக்கு ரசனை போதாது என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். பரிசு கிடைத்ததற்குக் காரணம் கேட்டால், கதை என்பேன். என் புத்தகங்களின் பின்னட்டைக் குறிப்பு அந்தப் பரிசிலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது, நான்காவது சீட்டுக்குப் பிறகு.

நேற்று ராத்திரியும் அந்தக் காட்சியை எடுத்தேன். வழக்கமாக நிறுத்தும் இடத்துக்கு ஒரு சீட்டு முன்னாலேயே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு ராணி, ஓர் ஆறு. இந்த இடத்தில் ஐவி தோற்கப்போகிறவர், அவருக்கே அது தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் மணிமேக்கரின் கண் எங்கே பார்க்கிறது என்று எவ்வளவு பெரிதாக்கியும் தெரியவில்லை. ஓடவிட்டேன். ஒன்பது, பிறகு ஏஸ். பத்தாவது இடத்துக்கு ஐவிக்கு அன்று கிடைத்தது 82,700 டாலர். மணிமேக்கர் கடைசியில் வாங்கியது 25 லட்சம் டாலர். இந்தத் தொடரில் ஒவ்வொரு வெற்றிக்கும் பணத்தோடு ஒரு கைவளை தருவார்கள். ஐவி 2024இல் தன் பதினொன்றாவது கைவளையை வாங்கினார். முதன்மைப் போட்டியின் வளை அதில் இல்லை. மணிமேக்கரிடம் இருப்பது ஒன்று, 2003இல் வாங்கியது.